அமெரிக்காவில் மறு திவால் மனு: காலமும் கட்டணமும்

மறு திவால் மனு என்பது, ஒருமுறை திவால் நீதிமன்றத்தை நாடிய தனிமனிதர் மீண்டும் கடனில் மூழ்கி அதே நீதிமன்றத்தை நாடுவதாகும். தமிழ்நாட்டில் 'ஐ.பி. கொடுத்தல்', 'மஞ்சள் கடுதாசி கொடுத்தல்' என்று மக்கள் பேச்சில் வழங்குவது இத்தகைய மனுவையே. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இது பற்றிய சட்டம் இரு நூற்றாண்டுகளாக இரண்டு கேள்விகளைச் சுற்றி வளர்ந்துள்ளது. முதல் மனுவுக்குப் பின் எவ்வளவு காலம் கழித்து மறு மனு கொடுக்கலாம் என்பது ஒன்று. கையில் காசில்லாதவர் அந்த மனுவுக்கான செலவை எப்படிக் கட்டுவார் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குச் சட்டம் தெளிவான விடை கண்டது. இரண்டாவது கேள்விக்கு இன்றும் பாதி விடைதான் உண்டு.

இங்கிலாந்தின் 15 சில்லிங்

அமெரிக்கத் திவால் சட்டத்தின் வேர் இங்கிலாந்தில் உள்ளது. அங்கு 1732ஆம் ஆண்டுச் சட்டம் முதல்முறை நொடித்துப்போன வணிகரையும் இரண்டாம் முறை நொடித்துப்போனவரையும் வேறுபடுத்தியது. இரண்டாம் முறை வந்தவர் சிறையிலிருந்து விடுபடலாம். ஆனால் பிற்காலத்தில் அவர் ஈட்டும் சொத்து பழைய கடனுக்குப் பொறுப்பாகவே இருக்கும். அவரது சொத்திலிருந்து பவுண்டு ஒன்றுக்கு 15 சில்லிங் வீதம் கடன்காரர்களுக்குக் கிடைத்தால் மட்டுமே இதிலிருந்து விலக்கு. அக்காலத்தில் ஒரு பவுண்டு என்பது 20 சில்லிங். எனவே 15 சில்லிங் என்பது நூற்றுக்கு 75 ஆகும். மறுமுறை வருபவரை அன்றைய சட்டம் காலத்தால் அளக்கவில்லை, அவர் திருப்பிக் கொடுக்கும் தொகையால் அளந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சட்டங்கள்

அமெரிக்காவின் முதல் திவால் சட்டம் 1800இல் வந்தது. அது வணிகர்களுக்கு மட்டும் உரியது. மனுவைக் கடன் கொடுத்தவரே தொடங்க வேண்டும். 1803இல் அது நீக்கப்பட்டது. 1837ஆம் ஆண்டின் பெரும் பணமுடையைத் தொடர்ந்து 1841இல் இரண்டாவது சட்டம் இயற்றப்பட்டது. கடன்பட்டவர் தாமாகவே மனுக் கொடுக்கும் வழியை நாடு முழுவதற்கும் திறந்துவிட்டது இச்சட்டமே. இதிலும் மறுமுறை திவாலாகுபவர் விடுவிப்புப் பெற வேண்டுமானால் கடன்களில் 75 விழுக்காடு அடையுமளவு சொத்து இருக்க வேண்டும் என்ற விதி இடம்பெற்றது. ஆயினும் 1842 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த இச்சட்டம் 1843 மார்ச்சிலேயே நீக்கப்பட்டதால், ஒருவர் இரண்டாம் முறை வருவதற்கு நேரமே இருக்கவில்லை.

உள்நாட்டுப் போருக்குப் பின் வந்த 1867ஆம் ஆண்டுச் சட்டம் இந்த அளவை 70 விழுக்காடாக்கியது. அந்த அளவு சொத்து இல்லையெனில், தொகையின்படி நான்கில் மூன்று பங்குக் கடன்காரர்கள் எழுத்து மூலம் இசைவு தர வேண்டும். அச்சட்டமும் 1878இல் நீக்கப்பட்டது.

ஆறு ஆண்டு விதி

1898ஆம் ஆண்டுச் சட்டம் முந்தியவை போன்று நீக்கப்படாமல் 80 ஆண்டுகள் நிலைத்தது. சட்டம் நிலையானதும் மறு மனு என்பது உண்மையான சிக்கலாயிற்று. 1903ஆம் ஆண்டுத் திருத்தம், தாமாக மனுக் கொடுத்து விடுவிப்புப் பெற்றவருக்கு ஆறு ஆண்டுகளுக்குள் மீண்டும் விடுவிப்பு இல்லை என்றது. சொத்தின் அளவு என்ற பழைய கோலுக்குப் பதிலாக நாள்காட்டி வந்தது இங்குதான். இம்மாற்றம் ஏழைகளுக்கு நன்மையானது. நூற்றுக்கு 70 திருப்பிக் கொடுக்கக்கூடியவர் திவாலாக வேண்டிய தேவையே பெரும்பாலும் எழாது. காத்திருப்பதோ எவராலும் முடியும்.

1934இல் 'லோக்கல் லோன் கம்பெனி எதிர் ஹண்ட்' வழக்கில் உச்ச நீதிமன்றம், நேர்மையான ஆனால் நல்வாய்ப்பற்ற கடனாளிக்குப் புதுத் தொடக்கம் அளிப்பதே திவால் சட்டத்தின் நோக்கங்களில் ஒன்று என்று விளக்கியது. 1938ஆம் ஆண்டின் சாண்ட்லர் சட்டம், ஊதியம் பெறுவோர் தவணைத் திட்டத்தின் மூலம் கடனடைக்கும் 13ஆம் அத்தியாயத்தைச் சேர்த்தது.

ஐம்பது டாலர் வழக்கு

1898ஆம் ஆண்டுச் சட்டம் கட்டணம் கட்ட இயலாதவர் உறுதிமொழி அளித்து மனுக் கொடுக்க இடம் தந்திருந்தது. 1946இல் அந்த வழி அடைக்கப்பட்டது. கட்டணத்தைத் தவணையில் கட்டலாம். ஆனால் கட்டாமல் விடுவிப்புப் பெற முடியாது.

இதை எதிர்த்து, வேலையிழந்து அரசு உதவித் தொகையில் குடும்பம் நடத்திய நியூயார்க் நகரத்தவர் ஒருவர் தொடுத்ததே 'அமெரிக்க ஐக்கிய நாடுகள் எதிர் கிராஸ்' என்னும் வழக்கு. கட்டணம் 50 டாலர். அவரது கடன் 6,400 டாலருக்குச் சற்று மேல். மணவிலக்குக் கோரும் ஏழைகளிடம் நீதிமன்றக் கட்டணம் கேட்கக்கூடாது என்று 1971இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்ததால் அவர் தரப்பு நம்பிக்கையோடு இருந்தது. ஆனால் 1973 சனவரி 10 அன்று ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் தீர்ப்பு அவருக்கு எதிராக அமைந்தது. திவால் விடுவிப்பு அடிப்படை உரிமை அன்று என்பது பெரும்பான்மையோர் கருத்து. ஒன்பது மாதத் தவணையில் வாரத்துக்கு 1.28 டாலர்தான் ஆகும். அது ஒரு திரைப்படச் சீட்டின் விலையைவிடக் குறைவு என்றும் தீர்ப்பை எழுதிய நீதிபதி பிளாக்மன் குறிப்பிட்டார். மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதிபதி மார்ஷல், மிக வறியவர்கள் திரைப்படத்துக்கே போவதில்லை என்பதை எடுத்துக்காட்டி, ஏழைகள் எப்படி வாழ்கிறார்கள் என்று அறியாமல் இத்தகைய அனுமானங்களைச் செய்வது தகாது என்று கண்டித்தார்.

1978, 1984, 2005

இன்றுள்ள திவால் சட்டத் தொகுப்பு 1978இல் இயற்றப்பட்டது. சொத்தை விற்றுக் கணக்கு முடிக்கும் 7ஆம் அத்தியாயத்தில் ஆறு ஆண்டு விதி தொடர்ந்தது. 13ஆம் அத்தியாயத்தின்வழி விடுவிப்புப் பெற்றவர் 7ஆம் அத்தியாயத்துக்கு வரவும் ஆறு ஆண்டு ஆக வேண்டும். ஆனால் முந்தைய திட்டத்தில் ஈடற்ற கடன்களை முழுமையாக அடைத்தவருக்கும், தம்மால் இயன்றதை நேர்மையாகச் செய்து 70 விழுக்காடு அடைத்தவருக்கும் இத்தடை இல்லை. 1867ஆம் ஆண்டின் எண் இங்கு மீண்டும் தென்படுவது கவனிக்கத்தக்கது.

மனு கொடுத்தவுடன் கடன் வசூலும் வீட்டு ஏலமும் தானாகவே நிறுத்தி வைக்கப்படுகின்றன. ஏலம் நெருங்கும்போதெல்லாம் புதிய மனுவைக் கொடுத்து அதைத் தள்ளிப்போடும் வழக்கமும் இருந்தது. அதனால் 1984இல் ஒரு திருத்தம் வந்தது. நீதிமன்ற ஆணையை வேண்டுமென்றே மீறியதால் மனு தள்ளுபடியானாலோ, தடையை நீக்கும்படி கடன்காரர் கேட்டபின் மனுதாரர் தாமே மனுவைத் திரும்பப் பெற்றாலோ, 180 நாள்களுக்கு மறு மனு கொடுக்க முடியாது.

2005 அக்டோபர் 17 அன்று நடைமுறைக்கு வந்த சட்டம் விதிகளை மேலும் இறுக்கியது. புதிய விதிகளுக்கு முந்திக்கொள்ள மக்கள் திரண்டதால் அவ்வாண்டு பதிவான மனுக்கள் 20 இலட்சத்தைத் தாண்டின. அதே சட்டம்தான், 1946இல் அடைபட்ட கதவையும் ஓரளவு திறந்தது. வறுமைக் கோட்டு அளவில் 150 விழுக்காட்டுக்குக் குறைவான வருமானமுடையவர், தவணையிலும் கட்ட இயலாதபோது, 7ஆம் அத்தியாயக் கட்டணத்திலிருந்து விலக்குக் கோரலாம்.

காலக் கணக்கு

இன்றைய கால வரம்புகள் வருமாறு:

- 7ஆம் அத்தியாயத்துக்குப் பின் மீண்டும் 7ஆம் அத்தியாயம்: 8 ஆண்டுகள்
- 7க்குப் பின் 13: 4 ஆண்டுகள்
- 13க்குப் பின் 13: 2 ஆண்டுகள்
- 13க்குப் பின் 7: 6 ஆண்டுகள் (மேற்கூறிய விலக்குகளுடன்)

எட்டு ஆண்டுகள் என்பது விடுவிப்புக் கிடைத்த நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை. முதல் மனு கொடுத்த நாளிலிருந்து மறு மனு கொடுக்கும் நாள் வரை எண்ணப்படுகிறது. சான்றாக, ஒருவர் 2018 மார்ச் 1 அன்று மனுக் கொடுத்து அவ்வாண்டு சூனில் விடுவிப்புப் பெற்றால், அவர் கணக்கு மார்ச் 1இலிருந்தே தொடங்கும். அவசரப்பட்டு எட்டு ஆண்டு நிறையுமுன் மனுக் கொடுத்தால் விடுவிப்பு மறுக்கப்படும்.

இந்த வரம்புகள் விடுவிப்புக்கு உரியவை. முந்தைய மனு விடுவிப்பின்றித் தள்ளுபடியாகியிருந்தால் இவை பொருந்தா. ஆனால் முந்தைய ஓராண்டில் ஒரு மனு தள்ளுபடியாகியிருந்தால், நீதிமன்றம் நீட்டித்தாலன்றி வசூல் தடை 30 நாள்களோடு முடிந்துவிடும். இரண்டு மனுக்கள் தள்ளுபடியாகியிருந்தால் தடை தானாக வருவதே இல்லை. நீதிமன்றத்தைக் கேட்டுத்தான் பெற வேண்டும்.

யார் கட்டுவது?

7ஆம் அத்தியாய மனுவுக்கு 338 டாலரும், 13ஆம் அத்தியாய மனுவுக்கு 313 டாலரும் கட்டணமாக உள்ளன. ஒவ்வொரு மனுவுக்கும் புதிதாகக் கட்ட வேண்டும். பொதுவாக நான்கு தவணைகளில் 120 நாள்களுக்குள் கட்டலாம். தக்க காரணம் காட்டினால் 180 நாள்கள் வரை நீளும்.

இதனினும் பெரிய செலவு வழக்கறிஞர் ஊதியம். 7ஆம் அத்தியாயத்தில் மனுவுக்கு முன் பாக்கி நின்ற ஊதியமும் மற்றக் கடன்களைப் போலவே விடுவிக்கப்பட்டுவிடும். கடனாளியின் வழக்கறிஞர், பொறுப்பாளரால் அமர்த்தப்பட்டாலன்றித் திவால் சொத்திலிருந்து ஊதியம் பெற முடியாது என்று 2004இல் 'லேமி' வழக்கிலும் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. எனவே வழக்கறிஞர்கள் முன்பணமாகவே கேட்கின்றனர். 13ஆம் அத்தியாயத்திலோ அந்த ஊதியத்தை மூன்று முதல் ஐந்து ஆண்டுத் திட்டத்துக்குள் சேர்த்துக் கட்ட முடியும்.

இதன் விளைவு விந்தையானது. முன்பணம் இல்லாத ஏழை, தமக்கு ஏற்ற குறுகிய வழியை விட்டு நீண்ட வழியில் நுழைகிறார். இடையில் வேலை போனாலோ நோய் வந்தாலோ தவணை தவறுகிறது, மனு தள்ளுபடியாகிறது, விடுவிப்பு இல்லை. கட்டிய கட்டணம் திரும்புவதில்லை. அடுத்த முறை அவர் வரும்போது சட்டத்தின் கண்ணில் அவர் மறு மனுக்காரர், தடைக்காலமும் சுருங்கியிருக்கும்.

மதிப்பீடு

மறு மனு பற்றிய விதிகள் ஏமாற்றுவோரைத் தடுப்பதற்காக எழுந்தவை. ஏலத்தைத் தள்ளிப்போடவே மனுக் கொடுத்தவர்கள் இருந்தது உண்மைதான். எனினும் மறுமுறை வருபவர் அனைவரும் அத்தகையோர் அல்லர். சிலர் முதல்முறை சரியான வழிக்குரிய காசு இல்லாமல் தவறான வழியில் நுழைந்தவர்கள். கால வரம்பை எண்ணி வகுத்த சட்டம், செலவுச் சுமையையும் அதே கவனத்தோடு எண்ணும்போதுதான் 1934இல் சொல்லப்பட்ட புதுத் தொடக்கம் அவர்களுக்கும் எட்டும்.