கிரியான் சமவெளியில் காரின் குளிர்

பேராக்கின் வடமேற்கு மூலையிலுள்ள கிரியான் மாவட்டத்தில், 1906-இல் நிறைவுற்ற நீர்ப்பாசனத் திட்டமும் அதற்கு நீர் தரும் புக்கிட் மேரா நீர்த்தேக்கமும் வளர்த்தெடுத்த நெல்வயல்களின் நடுவே அமைந்த ஊர் பாகான் செராய். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வட்டாரக் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட தமிழர்களின் வழியினர், கரும்பு போய் ரப்பரும் பின்னர் செம்பனையும் வந்த பிறகும் இம்மண்ணிலேயே நிலைத்தனர். ஆண்டு முழுவதும் வெயிலும் ஈரமும் சேர்ந்தே நிற்கும் இந்நிலப்பகுதியில் காரின் ஏர்கோன் இருமடங்கு வேலை செய்ய நேர்கிறது. ஏனெனில் காற்றின் வெப்பத்தை இறக்குவதோடு, அதிலுள்ள நீராவியை நீராக்கி வடியவிடுவதற்கும் அது தன் ஆற்றலில் பெரும்பங்கைச் செலவிடுகிறது.

இக்கருவி இத்தகைய தட்பவெப்பத்தை எண்ணி உருவானதன்று. 1928-இல் தாமஸ் மிட்ஜ்லியின் குழு அமெரிக்காவில் உருவாக்கிய, நஞ்சற்றதும் தீப்பற்றாததுமான ஆர்-12 என்னும் வாயுவே குளிரூட்டியைக் காருக்குள் வைக்கும் துணிவைத் தந்தது. 1939-இல் பாக்கார்ட் நிறுவனம் அறிமுகப்படுத்திய முதல் அமைப்பு பின்பெட்டியின் இடத்தைப் பெருமளவு விழுங்கிற்று. 1954-இன் நாஷ் கார்களில்தான் உறுப்புகள் அனைத்தும் காரின் முன்பகுதிக்குள் அடங்கின. அக்காலத்து மலாயாவில் ஓடிய மோரிஸ் மைனர் போன்ற கார்களுக்குக் குளிர்ச்சி என்பது முன்கதவின் முக்கோணக் கண்ணாடியைத் திருப்பிக் காற்றை முகத்தில் படவிடுவதே. தோட்டத் தொழிலாளிக்கோ மிதிவண்டியும் பேருந்துமே வாகனம்.

ஏர்கோன் உள்ள காரிலும் கடும்வெயிலில் குளிர் நின்றுபோவது உண்டு; அதன் காரணம் இக்கருவி இயங்கும் முறையிலேயே அடங்கியுள்ளது. இயந்திரத்தோடு சுழலும் கம்ப்ரஸர் வாயுவை அழுத்திச் சூடாக்கி அனுப்ப, காரின் முகப்பில் ரேடியேட்டருக்கு முன்னுள்ள கண்டென்சர் அச்சூட்டை வெளிக்காற்றுக்குக் கொடுத்து வாயுவைத் திரவமாக்குகிறது. அத்திரவம் ஒரு சிறு துளை வழியே அழுத்தம் குறைந்து, உள்ளறையிலுள்ள கூலிங் காயிலில் ஆவியாகும்போது அங்குள்ள வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. வெப்பம் சூடான இடத்திலிருந்தே குளிர்ந்த இடத்துக்குப் பாயுமாதலால், கண்டென்சர் வெளிக்காற்றைவிடச் சூடாக இருந்தாக வேண்டும்; வெளிக்காற்று 35 பாகையைத் தொடும்போது, அது 60 பாகை வரை ஏறுவதும் உண்டு. ஓடும் காருக்கு எதிர்க்காற்று துணை நிற்கிறது. சாலை விளக்கின் முன் நிற்கும் காருக்கோ விசிறி ஒன்றே துணை. அது மெதுவாகச் சுழன்றாலோ, கண்டென்சரின் நுண்தகடுகளில் அறுவடைக் காலத்து வயல்தூசியும் பூச்சிகளும் அடைந்திருந்தாலோ, அழுத்தம் எல்லை கடக்க, காவல் சுவிட்ச் கம்ப்ரஸரை நிறுத்திவிடுகிறது. காலையில் குளிர்ந்த கார் நண்பகலில் வெறுங்காற்றை ஊதுவது பெரும்பாலும் இதனாலேயே.

ஆயினும் ‘கேஸ் தீர்ந்துவிட்டது, கேஸ் போட வேண்டும்’ என்பதே நெடுங்காலமாக முதல் தீர்ப்பாக இருந்துவருகிறது. மூடிய சுற்றுக்குள் ஓடும் வாயு பெட்ரோல்போல் எரிந்து தீர்வதன்று. கசிந்தால் மட்டுமே குறையும். எனினும் இத்தீர்ப்புக்கு ஒரு வரலாற்று நியாயம் உண்டு. ஆர்-12 காலத்துக் குழாய்கள் நைட்ரைல் எனப்படும் செயற்கை ரப்பரால் ஆனவை (பேராக்கின் பால்மரங்களுக்கு இப்பழியில் பங்கில்லை). அவற்றின் சுவர் வழியாகவும் கம்ப்ரஸரின் தண்டு அடைப்பு வழியாகவும் வாயு சிறுகச் சிறுகக் கசிந்தது. திரவம் ஓடும் வழியில் பதித்த சிறு கண்ணாடியில் குமிழிகள் தெரிந்தால், அவை மறையும்வரை வாயுவை ஏற்றுவது அன்றைய பட்டறைகளுக்குப் போதுமான மருத்துவமாகவே இருந்தது.

அந்த மருத்துவத்தின் அடித்தளத்தை 1987-இன் மொன்றியல் உடன்படிக்கை அகற்றியது. ஓசோன் படலத்தை அரிக்கும் வாயுக்களைக் கைவிடச் செய்த அவ்வுடன்படிக்கையில் மலேசியா 1989-இல் இணைந்தது. 1990-களின் முற்பாதியில் உலகக் கார்த்தொழில் ஆர்-134ஏ வாயுவுக்கு மாறியது. இரண்டின் வேறுபாடு வெயிலில்தான் வெளிப்பட்டது: சுழியப் பாகையில் ஆர்-134ஏ-வின் அழுத்தம் 2.9 பார், ஆர்-12-இன் அழுத்தம் 3.1 பார் என முன்னது சற்றுக் குறைவாக இருக்க, 60 பாகையில் நிலை தலைகீழாகி, முன்னது 16.8 பாராகவும் பின்னது 15.2 பாராகவும் ஆகின்றன. ஆகவே பழைய காரின் பழைய கண்டென்சரில் புதிய வாயுவை ஏற்றியபோது மிதமான வெயிலில் குறையேதும் தெரியாமல், கடும்வெயிலில் மட்டும் குளிர் நின்றது. பழைய கனிம எண்ணெய் புதிய வாயுவோடு கலவாததால் கம்ப்ரஸரும் தேய்ந்தது. பெர்லிஸின் சுப்பிங்கில் 40.1 பாகை பதிவான 1998 ஏப்ரல் இம்மாற்றக் காலத்திலேயே வந்தது.

தோட்டக் குடும்பங்களிலிருந்து நகர வேலைக்குச் சென்றவர்கள் முதன்முதலாகக் கார் வாங்கத் தொடங்கியதும் ஏறத்தாழ இக்காலமே. 1985-இல் புரோட்டோன் சாகாவும், 1994-இல் பெரோடுவா கஞ்சிலும் வந்தன. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை முழுமை பெற்றதும் அதே 1994-இல்தான். கஞ்சிலின் 660 சிசி இயந்திரத்துக்குக் கம்ப்ரஸர் ஒரு பெருஞ்சுமை. நின்ற நிலையில் இயந்திரம் மெதுவாகச் சுழல, கம்ப்ரஸரும் மெதுவாகச் சுழன்று குளிர் குன்றியது. இதை நோயெனக் கருதி வாயுவை மேலும் ஏற்றியவர்கள் நோயைத் தாமே உண்டாக்கினர் எனலாம். ஆர்-134ஏ-வில் குமிழிகள் முற்றிலும் மறையும்வரை ஏற்றினால் அளவு மிஞ்சி, கண்டென்சரில் திரவம் தேங்கி, அழுத்தம் மேலும் ஏறுகிறது.

வாயுவோடு தொடர்பேயில்லாத குறையும் உண்டு. கம்ப்ரஸரை இயந்திரத்தோடு இணைக்கும் காந்தக் கிளட்சின் இடைவெளி தேய்மானத்தால் அகன்றிருக்க, சூடேறிய கம்பிச்சுருளின் மின்தடை கூடிக் காந்த இழுப்பு தளரும்போது, தட்டு ஒட்டாமல் போகிறது. கார் ஆறியபின் குளிர் தானே திரும்பிவிடுவதால், பட்டறைக்குப் போகும்போது குறை கண்ணில் படுவதில்லை. பல கிளட்சுகளில் மெல்லிய வளையம் ஒன்றை எடுத்து இடைவெளியைக் குறைத்தாலே இது தீரும்.

குளிர்பதன வாயுவைக் காற்றில் திறந்துவிடுவதைக் கட்டுப்படுத்தும் விதிமுறைகளை மலேசியா 1999-இல் கொண்டுவந்தது. புவி வெப்பமாதலை முன்னிட்டு ஆர்-134ஏ-வும் இன்று விலக்கப்பட்டுவருகிறது. அதனிடத்தில் வரும் ஆர்-1234ஒய்எஃப் விலை மிகுந்ததாதலால், கசிவைத் தேடாமல் ஆண்டுதோறும் கேஸ் போடும் வழக்கம் இனிக் கட்டுப்படியாவது கடினம்.