கன்டெசா 32

கன்டெசா 32 என்பது இங்கிலாந்தில் வடிவமைக்கப்பட்ட, ஒற்றைப் பாய்மரம் கொண்ட உல்லாசக் கடற்பயணப் படகு வகையாகும். இதனை டேவிட் சாட்லர், படகு கட்டுநரான ஜெரமி ரோஜர்சுடன் இணைந்து வடிவமைத்தார். 1970களின் தொடக்கத்தில் தென் இங்கிலாந்தின் லிமிங்டன் நகரில் இதன் உற்பத்தி தொடங்கியது. இதுவரை 700க்கும் மேற்பட்ட படகுகள் கட்டப்பட்டுள்ளன. பெயரிலுள்ள எண், படகின் நீளத்தை அடிக்கணக்கில் குறிக்கிறது. கவிழ்ந்த படகு மீண்டும் நிமிர்வது பற்றிய ஆய்வுகளில் இது ஒரு முக்கிய எடுத்துக்காட்டாகும்.

அளவுகள்

மொத்த நீளம்: 9.75 மீட்டர்
நீர்மட்ட நீளம்: 7.3 மீட்டர்
அகலம்: 2.9 மீட்டர்
நீரில் அமிழும் ஆழம்: 1.68 மீட்டர்
எடை: ஏறத்தாழ 4,300 கிலோகிராம்
அடிப்பாரம்: ஏறத்தாழ 2,040 கிலோகிராம்

வடிவமைப்பு

படகின் உடல் கண்ணாடியிழையால் ஆனது. அதன் அடியில் துடுப்பு போன்று கீழிறங்கும் ஏரா உள்ளது. படகின் மொத்த எடையில் ஏறக்குறைய பாதியளவான ஈய அடிப்பாரம் இங்கேயே வைக்கப்பட்டுள்ளது. சுக்கான் தனித்துத் தொங்காமல், முன்னால் உள்ள ஒரு தாங்கியுடன் இணைக்கப்பட்டிருப்பதால் எளிதில் உடைவதில்லை. படகு குறுகலானது, நீருக்கு மேலுள்ள பக்கச்சுவரின் உயரமும் குறைவு.

நிமிர்திறன்

பாய்மரப் படகு சாயாமல் நிற்பதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. ஒன்று அதன் அகலம்; மற்றொன்று தாழ்வாக அமைந்த அடிப்பாரம். அகலமான படகு சாயும்போது, அமிழும் பக்கத்துக்கு மிதப்பு மையம் விரைவாக நகர்ந்து படகை நிமிர்த்துகிறது. ஆனால் இவ்வுதவி சிறிய சாய்வுகளில் மட்டுமே கிடைக்கும். முற்றிலும் கவிழ்ந்துவிட்டால் அதே அகலம் படகைத் தெப்பம்போலத் தலைகீழாகவே நிலைநிறுத்திவிடும். அடிப்பாரத்தின் இயல்பு இதற்கு மாறானது. சாய்வு கூடும்போதும் அது படகை நிமிர்த்த முயன்றுகொண்டே இருக்கும்.

ஒரு படகு தானாக நிமிரும் ஆற்றலை இழக்கும் சாய்வு, நிமிர்திறன் மறையும் கோணம் எனப்படுகிறது. கன்டெசா 32இல் இக்கோணம் ஏறத்தாழ 155 பாகையாகும். முற்றிலும் தலைகீழான நிலை 180 பாகை என்பதால், கவிழ்ந்த படகை ஏறத்தாழ 25 பாகை திருப்பினாலே அது மீண்டும் நிமிரத் தொடங்கும். கொந்தளிக்கும் கடலில் அடுத்துவரும் அலையே பெரும்பாலும் இதனைச் செய்துவிடும்.

1979 ஃபாஸ்ட்நெட் பந்தயம்

ஃபாஸ்ட்நெட் பந்தயம் அக்காலத்தில் இங்கிலாந்தின் கவ்சு நகரில் தொடங்கி, அயர்லாந்தின் தென்கரைக்கு அப்பாலுள்ள ஃபாஸ்ட்நெட் பாறையைச் சுற்றி, பிளிமத் துறைமுகத்தில் முடிவடைந்தது. 1979 ஆகத்து மாதத்தில் நடந்த பந்தயத்தில் 303 படகுகள் புறப்பட்டன. வழியில் கடும் புயல் தாக்கியதில் போட்டியாளர்கள் 15 பேர் உயிரிழந்தனர். 86 படகுகள் மட்டுமே பந்தயத்தை முடித்தன. மாலுமிகள் கைவிட்ட 24 படகுகளில் 5 மூழ்கின. எஞ்சிய 19 படகுகள் மிதந்த நிலையில் பின்னர் மீட்கப்பட்டன.

மிகச் சிறிய படகுகளுக்கான ஐந்தாம் பிரிவில் 50க்கும் மேற்பட்டவை கலந்துகொண்டன. அவற்றுள் 'அசென்ட்' என்னும் கன்டெசா 32 மட்டுமே பந்தயத்தை முடித்தது. எனினும் ஒரு படகின் வெற்றி மட்டும் வடிவமைப்புக்கு முழுச் சான்றாகாது. மாலுமிகளின் திறமைக்கும் புயலின்போது படகு இருந்த இடத்துக்கும் இதில் பங்குண்டு.

வலுவான சான்று பின்னர் நடந்த விசாரணையிலிருந்து கிடைத்தது. அதில் கன்டெசா 32, அக்காலத்துப் பந்தயப் படகு ஒன்றுடன் ஒப்பிடப்பட்டது. அப்படகின் நிமிர்திறன் மறையும் கோணம் 120 பாகைக்கும் குறைவாக இருந்தது. 1970களில் நடைமுறையிலிருந்த பந்தய மதிப்பீட்டு விதிகள், அகலமும் குறைந்த எடையும் கொண்ட படகுகளுக்குச் சாதகமாக இருந்தமையே இவ்வேறுபாட்டுக்கு ஒரு காரணமாகும்.

நிறைகுறைகள்

கன்டெசா 32 தன் பாதுகாப்புக்கு ஒரு விலை கொடுக்கிறது. இதே நீளமுள்ள இக்காலப் படகுகளுடன் ஒப்பிடும்போது இதன் உள்ளறை ஒடுக்கமானது. காற்று வலுக்கும்போது படகு விரைவாகச் சாய்கிறது. பக்கச்சுவர் தாழ்வாக இருப்பதால் மேல்தளத்தில் நீர் அதிகம் தெறிக்கிறது. மறுபுறம், கொந்தளிப்பான கடலில் இதன் அசைவு மென்மையாக இருப்பதால் நீண்ட பயணத்தில் மாலுமிகளின் களைப்பு குறைகிறது. அசென்ட் படகு பிற்காலத்தில் அதன் உரிமையாளர் வில்லி கெரின் தலைமையில் கிரீன்லாந்து, அண்டார்க்டிகா ஆகிய பகுதிகளுக்கும் சென்றுவந்தது.

தாக்கம்

1979 பேரிடருக்குப் பின்னர், படகின் வேகம், உள்ளறை வசதி ஆகியவற்றுடன் கவிழ்ந்தபின் நிமிரும் ஆற்றலையும் அளவிட வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்றது. சிறு படகுகளின் உறுதிநிலைக்கான 12217 என்ற பன்னாட்டுச் சீர்தரம், ஆழ்கடலுக்குரிய பாய்மரப் படகுகளை வகைப்படுத்தும்போது நிமிர்திறன் மறையும் கோணத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது.