35 உயிர்கள் கொடுத்துக் கட்டிய பாலம்

ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் மாநகர் வழியே ஓடிக் கடலில் கலக்கிறது யாரா ஆறு. அதன் முகத்துவாரத்தில் கப்பல்கள் வந்துபோவதால் தாழ்வான பாலம் அங்கே பயன்படாது. ஆகவே மேற்குக் கரை மக்கள் நெடுங்காலம் வில்லியம்ஸ்டவுன் பகுதியில் படகுக்குக் காத்திருந்து, தங்கள் வாகனங்களையும் அதிலேற்றி அக்கரை சேர்ந்தனர்; அல்லது நகரை நோக்கிச் சுற்றுவழியே சென்றனர். இக்குறை தீர, கப்பல்கள் அடியில் செல்லத்தக்க உயர்ந்த பாலமொன்றை எழுப்பும் பணி 1968-இல் தொடங்கிற்று. அதுவே வெஸ்ட் கேட் பாலம்.

1970 ஜூன் மாதத்தில், இதே பொறியாளர் நிறுவனம் வரைந்த மற்றொரு எஃகுப் பாலம் வேல்ஸ் நாட்டில் கட்டும்போதே இடிந்து நால்வர் மாண்டனர். மெல்பர்ன் தொழிலாளர் அஞ்சினர். 'நம் பாலம் உறுதியானது' என்று அவர்களுக்குத் தைரியம் சொல்லப்பட்டது.

அங்கே சில கண்களை நீளவாக்கில் இரு பாதிகளாகச் செய்து, மேலே ஏற்றிய பின் இணைத்தனர். ஒரு கண்ணில் இரு பாதிகளும் ஏறத்தாழ 11 சென்டிமீட்டர் ஏற்றத்தாழ்வாக நின்றன. உயர்ந்த பாதியைத் தாழ்த்த, தலா 8 டன் எடையுள்ள கான்கிரீட் பாளங்களை அதன்மேல் வைத்தனர். பாரம் தாங்காமல் எஃகுத் தகடு நெளிந்தது. அந்நெளிவை நிமிர்த்தவென்று இணைப்பு போல்ட்டுகளைக் கழற்றினர்.

1970 அக்டோபர் 15, முற்பகல் 11.50 மணி. 112 மீட்டர் நீளமும் 2000 டன் எடையும் கொண்ட அக்கண் பெயர்ந்து வீழ்ந்தது. மேலே பணியிலிருந்தோரும், அடியிலிருந்த குடிசைகளில் உணவு இடைவேளையில் அமர்ந்திருந்தோருமாக 35 பேர் மாண்டனர். தைரியம் சொன்ன தளப் பொறியாளரும் அவர்களுள் ஒருவர்.

விசாரணைக் குழு 1971-இல் அறிக்கை தந்தது. வடிவமைப்பிலும் கட்டும் முறையிலும் தவறு நேர்ந்ததென்றும், பொறுப்பிலிருந்த எவரும் குற்றத்திற்கு முற்றும் புறம்பானவர் அல்லர் என்றும் அது கண்டது. பணி 1972-இல் மீண்டும் தொடங்கி, 1978 நவம்பர் 15-இல் பாலம் திறக்கப்பட்டது. அதன் நீளம் இரண்டரைக் கிலோமீட்டருக்கு மேல். நீர்மட்டத்திலிருந்து உயரம் 58 மீட்டர். ஆற்றைக் கடப்பது சில நிமிட வேலையாயிற்று.

வீழ்ந்த பாலத்தின் முறுக்குண்ட எஃகுத் துண்டுகள் ஆறு, மோனாஷ் பல்கலைக்கழகப் பொறியியல் துறையின் தோட்டத்தில் வைக்கப்பட்டுள்ளன. நாளை பாலம் கட்டப்போகும் மாணவர்கள் அவற்றைக் கடந்தே வகுப்புக்குச் செல்கின்றனர். தொழிலாளியின் அச்சத்திற்குத் தைரியச் சொல் மட்டும் விடையாகாது. மறுபடியும் கணக்கிட்டுப் பார்ப்பதே விடை. அதை அவர்களுக்குச் சொல்ல அத்துண்டுகளே போதும்.