ஒரு கோடை, ஒரு நூல்

கல்லூரியிற் சேரும் புது மாணவர் அனைவரும் கோடை விடுமுறையில் ஒரே நூலைப் படித்துவர வேண்டும் என்னும் ஏற்பாடு அமெரிக்க நாட்டில் பல இடங்களில் உண்டு. கார்னெல் பல்கலைக்கழகம் 2001-இல் இதனைத் தொடங்கியது. மறு ஆண்டு வட கரோலினாப் பல்கலைக்கழகம் குர்ஆனின் தொடக்ககால அத்தியாயங்களைப் பற்றிய நூல் ஒன்றைத் தேர்ந்தபோது வழக்கே எழுந்தது. நீதிமன்றம் தடை விதிக்கவில்லை. படிக்க மனமில்லாதவர் அதன் காரணத்தை ஒரு பக்கம் எழுதித் தரலாம் என்று பல்கலைக்கழகமும் இடமளித்திருந்தது.

பலர் ஒரு நூலைப் படிப்பது நமக்கும் புதிதன்று. சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் தோன்றியது. அதன் தேர்வுக்கெனச் சீவகசிந்தாமணியின் முதற்பகுதியாகிய நாமகள் இலம்பகத்தை 1868-இல் பவர் பாதிரியார் அச்சிட்டார். மாணவர் பலர் அதனைப் படித்தனர், தேறினர், மறந்தனர். பதின்மூன்று இலம்பகங்களுள் எஞ்சியவை ஏட்டிலேயே கிடந்தன.

1880-இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார், உ. வே. சாமிநாதையரை நோக்கி, "சிந்தாமணி படித்ததுண்டா?" என்னும் பொருள்பட வினவினார். பின்னர் இருவரும் சேர்ந்து அதனைப் படித்தனர். சமண சமயக் கருத்துக்கள் ஐயருக்கு விளங்கவில்லை. அவ்வூர்ச் சமணர் இல்லமொன்றிலோ, ஒருவர் பொருள் சொல்லப் பலர் கூடியிருந்து சிந்தாமணியைக் கேட்கும் வழக்கம் இருந்தது. பெரும்புலவரின் மாணாக்கர்க்கு விளங்காதவை அங்கிருந்தோர்க்குத் தெளிவாக இருந்தன. அவர்களிடம் கேட்டறிந்தே ஐயர் 1887-இல் முழு நூலையும் பதிப்பித்தார். தேர்வுக்குப் படித்தவர் கூட்டம் செய்யாததைக் கூடிப் படித்தவர் கூட்டம் செய்தது என்பேன்.

எங்கள் ஜோலார்பேட்டைச் சந்திப்பைச் சூழ்ந்த கல்லூரிகளை எண்ணுகின்றேன். வேலூர் ஊரிசுக் கல்லூரி 1898-இல் எழுந்தது; டாக்டர் இராதாகிருஷ்ணன் அங்குப் பயின்றவர். வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919-இலும், திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரி 1951-இலும் தோன்றின. இங்கு வரும் மாணவர் சிலர் வீட்டில் தமிழ் பேசுவர்; சிலர் உருது, சிலர் தெலுங்கு. தோல் பதனிடும் தொழிலாளியின் மகனும் தோல் மண்டி உரிமையாளரின் மகனும் ஒரே பலகையில் அமர்வர். ஒருவன் வீட்டில் அலமாரி நிறையப் புத்தகங்கள். மற்றவன் வீட்டிலோ பள்ளிப் பாடநூலன்றி வேறில்லை. முதல் நாளிலேயே ஒருவன் பேசுவான்; மற்றவன் வாய் திறவான். இது அறிவின் குறையன்று, வாய்ப்பின் குறை.

இக்குறையைச் சிறு அளவிலேனும் நீக்க ஒரு நூல் போதும். அது எளிய தமிழில் அமைந்து, இருநூறு பக்கத்துக்கு மிகாதிருக்கட்டும். 1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின் பயனாய் விளைந்த கிளை நூலகங்கள் அதன் படிகளை மே மாதத்தில் வழங்கட்டும். ஆனால் அதில் தேர்வு வைத்தல் ஆகாது; வைத்தால் நாமகள் இலம்பகத்தின் கதையே மீளும். கல்லூரி திறந்த முதல் வாரத்தில் ஆசிரியரும் மாணவரும் வட்டமாக அமர்ந்து அந்நூலைப் பற்றி உரையாடட்டும். நூலை மறுத்துப் பேசுவார்க்கும் அவ்வட்டத்தில் இடம் இருத்தல் வேண்டும். அன்று வாய் திறக்கும் மாணவன் பின்னர் மூன்றாண்டும் வாய் மூடியிரான்.