வெள்ளம் தாங்கும் நெல்: மரபணுவும் அது சேர்ந்த ரகமும்

பயிர் உயிர்த்தொழில்நுட்பம் பற்றிய நம் விவாதங்கள் பெரும்பாலும் அயல் மரபணு ஏற்றிய பி.டி. பருத்தி, பி.டி. கத்தரியோடு முடிந்துவிடுகின்றன. அயல் மரபணு எதையும் புகுத்தாமல் உருவான ஸ்வர்ணா சப்-1 நெல் அதே அளவு கவனத்துக்கு உரியது. அதன் வெற்றிக்கு மரபணு எவ்வளவு காரணமோ, அது சென்று சேர்ந்த ரகமும் அவ்வளவு காரணம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அந்த மரபணு வந்தது எஃப்.ஆர்.13ஏ என்ற நெல்லிலிருந்து. ஒடிசாவின் நாட்டு நெல்லிலிருந்து தெரிவுசெய்யப்பட்ட அது, முழுக்க மூழ்கினாலும் ஏறத்தாழ இரண்டு வாரம் தாக்குப்பிடிக்கும். மூழ்கிய சாதாரண நெல் நீர்மட்டத்துக்கு மேலே தலைகாட்ட முயன்று வேகமாக நீள்கிறது; சேமித்த மாவுச்சத்தை அதிலேயே செலவழித்துவிட்டு, நீர் வடிந்ததும் சாய்ந்து மடிகிறது. எஃப்.ஆர்.13ஏ-வில் உள்ள சப்1ஏ மரபணு, மூழ்கிய செடிக்குள் தேங்கும் எத்திலீன் வாயுவால் தூண்டப்பட்டு, ஜிப்ரலின் என்னும் வளர்ச்சி ஊக்கியால் ஏற்படும் நீட்சியை அடக்குகிறது. செடி வளராமல் காத்திருந்து, நீர் வடிந்தபின் மீண்டும் துளிர்க்கிறது.

இப்பண்பை உயர்விளைச்சல் ரகங்களுக்குக் கொண்டுசெல்ல வளர்ப்பாளர்கள் நெடுங்காலம் முயன்றனர். தாங்குதிறன் வந்தது, அதனோடு வேண்டாத பண்புகளும் ஒட்டிக்கொண்டு வந்ததால் உழவர்கள் அந்நெல்லை ஏற்கவில்லை. ஆய்வாளர்கள் கெனாங் சூ, டேவிட் மேக்கில் இருவரும் 1996இல் இப்பண்பின் இருப்பிடத்தை 9ஆம் குரோமோசோமில் கண்டனர். 2006இல் மரபணுவே அடையாளம் காணப்பட்டது. மூலக்கூறு குறிப்பான்களின் துணையோடு பிற்கலப்பு செய்து, அதாவது ஸ்வர்ணா ரகத்தோடே மீண்டும் மீண்டும் கலந்து, வேண்டிய மரபணுத் துண்டை மட்டும் அதில் சேர்க்க முடிந்தது. இப்படி உருவான ஸ்வர்ணா சப்-1 2009இல் இந்தியாவில் வெளியிடப்பட்டது. ஆந்திரத்தின் மாருட்டேரு ஆய்வு நிலையம் தந்த ஸ்வர்ணா, கிழக்கிந்திய உழவர்கள் ஏற்கெனவே விரும்பிப் பயிரிட்ட நெல். அதன் அரிசியும் விளைச்சலும் மாறாததால் புதிய விதையை ஏற்க அவர்களுக்குத் தயக்கம் இருக்கவில்லை. காவிரிப் படுகைச் சம்பாவுக்கான சி.ஆர்.1009 சப்-1 ரகமும் இதே வழியில் வந்ததே.

ஒடிசாவில் நடந்த கள ஆய்வு ஒன்று 2013இல் வெளியானது. வெள்ளம் எளிதில் சூழும் தாழ்நிலங்கள் பட்டியல் சாதியினரிடம் கூடுதலான விகிதத்தில் இருப்பதால், ஸ்வர்ணா சப்-1 நெல்லின் பயன் அவர்களுக்கே கூடுதலாகச் சேரும் என்று அது காட்டியது. ஒரு விதையின் மதிப்பை ஏக்கருக்கு இத்தனை மூட்டை என்று மட்டும் அளப்போர் இதைக் காணத் தவறுகின்றனர்.

எல்லையும் உண்டு. வாரக்கணக்கில் அரையாழத்தில் நீர் தேங்கும் வயலில் வளர்ச்சியை அடக்கும் இந்த உத்தி உதவாது. அங்கே நீளும் நெல்லே பிழைக்கும். ஆழ்நீர் நெல்லின் ஸ்நார்க்கல் மரபணுக்கள் செய்வது அதைத்தான். விதைத்த உடனே மூழ்கும் வயலுக்கு வேறு மரபணு வேண்டும். ஆகவே ஒரே மரபணுவை எல்லா ரகங்களிலும் ஏற்றும் திட்டத்தைவிட, விதைவங்கிகளில் உறங்கும் நாட்டு நெல்களை அந்தந்த வெள்ளச் சூழலில் சோதிக்கும் பணிக்கே பொதுநிதி முதலில் செல்ல வேண்டும்.