தமிழ்ப்பள்ளியில் ஒரு நாள்: பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-ஆம் ஆண்டில் அகற்றப்பட்டது. அதிலிருந்து பெற்றோர் பலர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “பிள்ளை உண்மையிலேயே தேறுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?” அதற்கான பதில் அன்றாட வகுப்பறை நடவடிக்கைகளில் இருக்கிறது.

காலை நேரம்

பெரும்பாலான பள்ளிகளில் காலை 7.30 மணியளவில் பாடம் தொடங்கிவிடும். வாராந்திர சபைகூடலில் நாட்டுப்பண், மாநிலப் பண், தலைமையாசிரியர் உரை ஆகியவை இடம்பெறும். சில பள்ளிகளில் மாணவர்களே திருக்குறள் சொல்லி விளக்குவார்கள், செய்தி வாசிப்பார்கள். பின்னாளில் நேர்முகத் தேர்வில் தயங்காமல் பேசுவதற்கு இதுவே முதல் மேடை.

மொழிப் பாடம்

கேட்டல், பேச்சு, வாசிப்பு, எழுத்து, செய்யுளும் மொழியணியும், இலக்கணம் ஆகியவை தமிழ்மொழிப் பாடத்தின் கூறுகள். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், பழமொழி, இரட்டைக்கிளவி எல்லாம் செய்யுள், மொழியணிப் பகுதியில் வரும். சொல்வதெழுதுதலைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. ‘பள்ளி’யைப் ‘பல்லி’ என்று எழுதும் பிள்ளைக்கு எந்த ஒலி பிடிபடவில்லை என்பதை ஆசிரியர் அதில்தான் கண்டுபிடிக்கிறார்.

தமிழோடு மலாயும் ஆங்கிலமும் முதலாம் ஆண்டிலேயே தொடங்குகின்றன. மூன்று மொழிகளுக்கு இரண்டு எழுத்துமுறைகளை ஆறேழு வயதில் ஒரே நேரத்தில் கற்பது எளிதன்று. தொடக்கத்தில் சற்றுத் தடுமாறும் பிள்ளையை ‘மக்கு’ என்று ஒதுக்கிவிடக் கூடாது.

கணிதம், அறிவியல், வாசிப்பு

கணிதத்தில் மனக்கணக்கு, வாய்பாடு, பணம் எண்ணுதல் ஆகியவற்றோடு பிரச்சினைக் கணக்குகளும் உண்டு. பிரச்சினைக் கணக்கில் பிள்ளை தடுக்கி விழுந்தால், கூட்டல் கழித்தல் தெரியாததுதான் காரணம் என்று முடிவு கட்டிவிட முடியாது. கேள்வியை வாசித்துப் புரிந்துகொள்ளாமலும் இருக்கலாம். அறிவியலில் செடி வளர்த்து உயரத்தை அளந்து குறிப்பது போன்ற செய்முறைகள் நடைபெறும். நிலாம் வாசிப்புத் திட்டத்தின்கீழ் மாணவர்கள் வாசித்த நூல்களைப் பதிவு செய்கிறார்கள்.

அடைவுநிலை என்பது என்ன?

இந்த நடவடிக்கைகளைக் கவனித்தே ஆசிரியர் வகுப்பறை மதிப்பீட்டைச் செய்கிறார். அடைவுநிலை 1 முதல் 6 வரை உள்ளது. மார்க்கைப் போல இதைப் பார்க்க வேண்டாம். ஒரு குறளை எடுத்துக்கொள்ளுங்கள். அதைத் தெரிந்திருப்பது முதல் படி. பொருள் புரிவது இரண்டாம் படி. அதைச் செய்துகாட்ட முடிவது மூன்றாம் படி. மற்றவருக்கு முன்மாதிரியாக விளங்குவது 6-ஆம் படி. பிள்ளை 1 அல்லது 2-இலேயே நின்றால், உதவி தேவை என்று பொருள்.

குறைநீக்கல் வகுப்பு

எழுத, வாசிக்க, எண்ணத் தடுமாறும் முதல் மூன்று ஆண்டு மாணவர்களுக்குக் குறைநீக்கல் வகுப்பு உண்டு. “ஊரார் என்ன சொல்வார்கள்” என்று கூச்சப்பட்டு இதைத் தவிர்க்கும் பெற்றோரும் இருக்கிறார்கள். வாசிக்கத் தெரியாமலே நான்காம் ஆண்டுக்குப் போகும் பிள்ளைக்கு அங்கே வரலாறு போன்ற புதிய பாடங்களும் சேர்கின்றன. சுமை இரட்டிப்பாகிறது. ஆரம்பத்திலேயே சேர்ப்பதுதான் பிள்ளைக்கு நல்லது.

வீட்டில் செய்யக்கூடியவை

தோட்டப்புறப் பள்ளிகளில் பேருந்து நேரத்தால் மாலை நேரப் புறப்பாட நடவடிக்கைகளைச் சில பிள்ளைகள் தவறவிடுகிறார்கள். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து முறைவைத்துப் பிள்ளைகளை அழைத்து வந்தால் இது தீரும். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசலாம்.

நாளும் பத்து நிமிடம் பிள்ளையைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். வேலை முடிந்து களைத்து வரும் பெற்றோராலும் இது முடியும். ஆசிரியரைச் சந்திக்கும்போது “எத்தனை மார்க்?” என்று கேட்பதோடு நிறுத்தாமல், “எதில் தடுமாறுகிறான், வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம்?” என்றும் கேளுங்கள்.