டோக்கியோ ஸ்டோரி (திரைப்படம்)

டோக்கியோ ஸ்டோரி, ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசு (1903–1963) ஷோச்சிக்கு நிறுவனத்துக்காக எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். ஜப்பானிய மொழியில் அதன் பெயர் ‘டோக்கியோ மொனோகதாரி’. 1953 நவம்பரில் வெளியான இப்படம் 136 நிமிடம் ஓடும். வளர்ந்து ஆளாகிவிட்ட பிள்ளைகளின் வீட்டில் பெற்றவர்கள் விருந்தாளிகளாகிப் போவதை இவ்வளவு பொறுமையாகவும் நேர்மையாகவும் சொன்ன படங்கள் உலக சினிமாவில் மிகக் குறைவு.

ஹிரோஷிமா மாவட்டத்தின் கடலோர ஊரான ஒனோமிச்சியில் வாழும் ஷுகிச்சி, தோமி என்ற முதிய தம்பதி, பிள்ளைகளைப் பார்க்க ரயிலேறி டோக்கியோவுக்குப் போகிறார்கள். மூத்தவன் கோய்ச்சி புறநகரில் சிறிய மருத்துவமனை நடத்துகிறான். மகள் ஷிகே அழகு நிலையம் வைத்திருக்கிறாள். இருவருக்கும் நேரமில்லை. ஊர் சுற்றிக் காட்டலாம் என்று கிளம்பும் ஞாயிற்றுக்கிழமை, நோயாளிக் குழந்தை ஒன்றுக்காகக் கோய்ச்சி போக வேண்டியதாகிறது. அலுவலகத்தில் விடுப்புச் சொல்லிவிட்டு அவர்களை அழைத்துப் போகிறவள், போரில் இறந்த இரண்டாவது மகன் ஷோஜியின் மனைவி நொரிகோ. பிறகு அண்ணனும் தங்கையும் பணம் போட்டுப் பெற்றோரை அடாமி கடற்கரை விடுதிக்கு அனுப்பிவைக்கிறார்கள். அங்கே பக்கத்து அறைகளின் கும்மாளத்தில் இரவு முழுக்கத் தூக்கமில்லை. ஊர் திரும்பும் வழியிலேயே தோமிக்கு உடம்பு சரியில்லாமல் போகிறது. வீடு சேர்ந்த சில நாட்களில் இறந்துவிடுகிறார்.

படத்தில் கொடியவர் யாருமில்லை என்பதே அதன் பலம். பெற்றோருக்கு விலையுயர்ந்த பலகாரம் எதற்கு என்று ஷிகே கணவனைக் கடிந்துகொள்கிறாள். கடைக்கு வந்தவரிடம் அவர்களை ஊரிலிருந்து வந்த தெரிந்தவர்கள் என்கிறாள். இறுதிச் சடங்கு முடிந்ததும் அம்மாவின் ஆடைகளில் இன்னது வேண்டும் என்று கேட்கிறாள். அதே ஷிகேதான் அம்மா பிழைக்கமாட்டார் என்றறிந்ததும் குலுங்கி அழுகிறாள். அந்த அழுகை பொய்யில்லை. ஹருகோ சுகிமுராவின் நடிப்பு இந்த இரண்டையும் ஒரே பெண்ணிடம் நம்பவைக்கிறது.

போருக்கு முந்தைய ஜப்பானியச் சட்டம் மூத்த மகனையே குடும்பத் தலைமைக்கு வாரிசாக வைத்திருந்தது. பெற்றோரைக் காக்கும் பொறுப்பும் அவனைச் சேர்ந்ததாகவே கருதப்பட்டது. 1947இல் திருத்தப்பட்ட குடிமைச் சட்டம் அந்த ஏற்பாட்டை நீக்கியது. அடுத்த சில ஆண்டுகளில் எடுத்த இப்படத்தில் சட்டத்தைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. பழைய நண்பர்களோடு குடித்துக்கொண்டிருக்கும் ஷுகிச்சி, மகன் இன்னும் பெரிய நிலையில் இருப்பான் என்று நினைத்ததாக மெல்ல ஒப்புக்கொள்ளும் இடத்தில் அந்த மாற்றத்தின் வலி முழுவதும் தெரிகிறது. போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்த நண்பரும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்.

நொரிகோவை உத்தம மருமகள் என்று மட்டும் பார்த்தால் படத்தில் பாதி கைநழுவிவிடும். இறுதியில் மாமனார் அவளை நல்லவள் என்று புகழும்போது அவள் அதை ஏற்பதில்லை. கணவனை நினைக்காத நாட்களும் உண்டு, தனிமை தாங்கவில்லை, ஏதோ ஒன்றுக்காக மனம் காத்திருக்கிறது என்று உடைந்துபோகிறாள். மறுமணம் செய்துகொள் என்று பெரியவர் மனதாரச் சொல்லி, தோமியின் பாக்கெட் கடிகாரத்தைத் தருகிறார். நொரிகோவாக நடித்த செட்சுகோ ஹாராவின் புன்னகை கலையும் அந்தக் கணம்தான் படத்தின் உச்சம்.

ஷுகிச்சியாக நடித்த சிஷு ரியூவுக்கு அப்போது வயது 49. மூத்த மகனாக வரும் சோ யமமுரா அவரைவிட ஆறு வயதுதான் இளையவர். ரியூ முதுகின் வளைவிலும், ஒவ்வொரு பதிலுக்கும் முன் எடுத்துக்கொள்ளும் தாமதத்திலும் எழுபது வயதைக் கொண்டுவந்தார்.

யூஹரு அட்சுதாவின் கேமரா, பாயில் அமர்ந்திருப்பவரின் கண்மட்டத்துக்கும் கீழே, பெரும்பாலும் அசையாமல் இருக்கிறது. ஓசுவுக்குப் பழக்கமான 50 மி.மீ. லென்ஸ்தான் இதிலும். காட்சிகளுக்கு நடுவே புகைபோக்கி, காயும் துணி, வெறுமையான கூடம் என்று சில விநாடி தங்கிவிட்டு நகர்கிறது படம். பெரிய நிகழ்வுகள் பலவும் திரைக்கு வெளியே நடந்துவிடுகின்றன. ரயிலில் தோமி நோயுற்றதை நாம் பார்ப்பதில்லை. ஒசாகாவில் வேலை பார்க்கும் இளைய மகன் கெய்சோ அலுவலகத்தில் சொல்லக் கேட்கிறோம். கதை முழுக்கக் கோடை. எல்லோர் கையிலும் விசிறி. வெள்ளைச் சட்டைகளும் நிழல் படிந்த அறைகளுமாக அந்த வெக்கையைக் கறுப்பு வெள்ளையே உணர்த்திவிடுகிறது. ஓசு 1958இல்தான் வண்ணத்துக்கு மாறினார்.

லியோ மெக்கேரி இயக்கிய ‘மேக் வே ஃபார் டுமாரோ’ (1937) என்ற அமெரிக்கப் படம் இக்கதைக்குத் தூண்டுதல். ஓசுவோடு திரைக்கதை எழுதிய கோகோ நோடா அதைப் பார்த்திருந்தார். மெக்கேரியின் பெற்றோர் வீட்டை இழந்து பிரிக்கப்படுகிறார்கள். இங்கே அப்படி ஒரு நெருக்கடி இல்லை. பிள்ளைகளின் அன்றாட வேலைகளே போதுமானவையாக இருக்கின்றன. அதனால் ஓசுவின் படம் இன்னும் ஆழமாகத் தைக்கிறது.

வெளிநாடுகளில் புகழ் மெதுவாகவே வந்தது. 1958இல் லண்டனில் சதர்லாந்து கோப்பை கிடைத்தது. நியூயார்க் திரையரங்குக்கு வர 1972 ஆயிற்று. ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழின் 2012 வாக்கெடுப்பில் இயக்குநர்கள் இதையே முதலிடத்தில் வைத்தார்கள். ஷோச்சிக்குவில் வளர்ந்த யோஜி யமடா, இக்கதையை ‘டோக்கியோ ஃபேமிலி’ (2013) என்று இன்றைய காலத்துக்கு மாற்றி எடுத்தார். 2011 நிலநடுக்கத்தால் படப்பிடிப்பு தள்ளிப்போனது. அதில் ஷோஜி இளைய மகன், உயிரோடிருக்கிறான். நொரிகோ அவனுடைய காதலி.